கோடேறியவர்களும் கோட்டுக்கு வெளியே நின்றவர்களும்

நாஞ்சில் நாட்டுப் பேச்சில் கோர்ட்டுக்குக் 'கோடு' என்று பெயர். 'கோட்டுல கெடக்கு', 'கோட்டுக்குப் போயிட்டான்', 'கோடும் கச்சேரியுமா அலஞ்சே மனுசன் தொலஞ்சான்' என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் தினமும் காதில் விழுகிற வாக்கியங்கள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்த கோடு வேறு. அங்கே கோடுதல் என்றால் சாய்தல், ஒரு பக்கமாக வளைதல். நடுவுநிலை தவறுவதற்குப் பழந்தமிழில் உள்ள சொல் அது. இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த கோர்ட்டு எங்கள் வாயில் கோடாக மாறியது வெறும் உச்சரிப்புக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நாக்கு சில நேரம் புத்தகத்தைவிடச் சரியாகப் பேசிவிடுகிறது.

இந்தக் கோட்டை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1917-18இல் 'தமிழன்' இதழில் பெயர் போடாமல் தொடராக வந்து, 1942இல் நூலான 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நெடும்பாட்டில் ஒரு படலத்துக்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று பெயர். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்லி அழுவதாக, அழுகையிலேயே சிரிப்பு மூட்டுவதாக நடக்கிற பாட்டு. மருமக்கள்வழியில் சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாது, சகோதரி பிள்ளைக்குப் போகும். காரணவனும் அனந்தரவனும் கோடேறினால் நிலமும் களமும் வக்கீல் வீட்டுக்குப் போகும். நாஞ்சில் வெள்ளாளர் வீடுகளின் உள்அறையை இவ்வளவு கூர்மையாகத் திறந்து காட்டிய பாட்டு தமிழில் வேறு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழியைச் சாய்த்தபோது, அதற்கு மனதைப் பண்படுத்திய காரணங்களில் இந்தப் பாட்டும் ஒன்று என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதட்டும்.

எனக்கு அந்தப் படலத்தின் தலைப்பிலேயே ஒரு சொல் இடறுகிறது. 'ஏறி.' கோடு ஏறக்கூடிய இடமாக இருந்தது யாருக்கு? படியேறி உள்ளே போய், வழக்காடி, தோற்று, குடிமுழுகிப் போவதற்கும் ஒரு உரிமை வேண்டுமல்லவா? கேஸ் நடத்தியே அழிந்தவன் என்ற பெயர்கூட எங்கள் பாட்டன்மாருக்குக் கிடையாது. காரணவனும் அனந்தரவனும் எந்த நெல்லுக்காகக் கோடேறினார்களோ, அந்த நெல்லைக் கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் விளைவித்தவன் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. அவன் தாவாச் சொத்தோடு சேர்ந்தவன். 1855க்கு முந்திய ஆவணங்களில் அவனும் ஒரு சொத்து.

கவிமணியைக் குறை சொல்லித் தள்ளிவிட நான் வரவில்லை. அவர் காலத்தில் அவர் சாதியில் பிறந்தவர்கள் வாய் திறக்காத விஷயத்துக்கு அவர் வாய் திறந்தார். 'தீண்டாதார் விண்ணப்பம்' என்று ஒரு பாட்டும் பாடியிருக்கிறார், கோயிலுக்குள் வரக்கூடாதா என்று நம் குரலில் கேட்பதாக. நல்ல மனசு. ஆனால் இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே கவிஞர்தான். வெள்ளாளனுக்கு எழுதும்போது அது வழக்கு. தீண்டாதாருக்கு எழுதும்போது அது விண்ணப்பம். வழக்குப் போடுகிறவன் தோற்றாலும் எதிராளிக்குச் சமமாக நின்று தோற்கிறான். விண்ணப்பம் போடுகிறவன் ஜெயித்தாலும் கைகட்டி நின்றுதான் ஜெயிக்கிறான். நாஞ்சில் நாட்டு இலக்கியத்தில் கோர்ட்டு பற்றிய முழுச் சரித்திரமும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் கிடக்கிறது.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன். பழைய கோர்ட்டுக் கட்டடங்களைப் பாரம்பரியச் சின்னம் என்று பேசுவது சமீப காலத்து வழக்கம். மாவட்ட வரலாறு எழுதுகிறவர்கள் தூணை எண்ணுகிறார்கள், உத்திரத்தை அளக்கிறார்கள், எந்த மகாராஜா காலம், எந்த திவான் காலம் என்று பட்டியல் போடுகிறார்கள். யார் எந்த இடம்வரை வரலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்ற அளவு மட்டும் அந்தப் புத்தகங்களில் இல்லை. ஒரு கட்டடத்தின் உண்மையான வரைபடம் அதுதானே.

எங்கள் மாவட்டத்தில் நவீன நீதியின் மூத்த வாசல் பத்மநாபபுரம். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனபிறகும் கோட்டை அங்கேயே இருந்தது, கச்சேரிகளும் இருந்தன. உம்மிணித் தம்பி திவானாக இருந்த காலத்தில் இன்சுவாப்புக் கச்சேரிகள் என்று நீதி விசாரிக்கும் இடங்களை ஏற்படுத்தினார். பத்மநாபபுரம் அதில் ஒன்று. 1811இல் திவான் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்ட ரெசிடெண்ட் கர்னல் மன்றோ, இங்கிலீஷ் முறையில் ஜில்லா கோர்ட்டுகள் வைத்தார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா என்று ஐந்து. நீதிபதிகள் நாயர்களிலிருந்தும் கிறிஸ்தவர்களிலிருந்தும் இரண்டுபேர், கூடவே சாஸ்திரம் சொல்ல ஒரு பிராமண சாஸ்திரி. பார்க்கப்பட்ட சட்டம் தர்ம சாஸ்திரமும் நாட்டு வழக்கமும். ஆக, மன்றோ கட்டடத்தை மாற்றினார், நாற்காலி போட்டார், பதிவேடு வைத்தார். நாற்காலியில் மனுவும் உட்கார்ந்துகொண்டார்.

இன்றும் பத்மநாபபுரத்தில் சார்பு நீதிமன்றமும் முன்சீப் கோர்ட்டும் நடக்கின்றன. டூரிஸ்டுகள் வருவது அதைப் பார்க்க அல்ல, அரண்மனையைப் பார்க்க. அந்த அரண்மனை 1956 நவம்பர் 1க்குப் பிறகு தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறைக்குக் கீழே இருக்கிறது. நானும் மாணவர்களோடு இரண்டுமூன்று தடவை போயிருக்கிறேன். மந்திரசாலையில் கூட்டமாக நிறுத்தி, கருப்புத் தரையைக் காட்டுவார்கள்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சிரட்டைக் கரி எல்லாம் சேர்த்து இழைத்தது, முகம் பார்க்கலாம் என்பார்கள். எல்லோரும் குனிந்து முகம் பார்ப்பார்கள். ஊட்டுப்புரையில் 2000 பிராமணர்களுக்கு ஒரே நேரம் சோறு போட்டார்கள் என்பார்கள். எந்த ஏலாவின் நெல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து மியூசியத்தில் மனித உருவத்துக்கு வளைத்த ஓர் இரும்புக்கூடு இருக்கிறது. தண்டனைக்காரனை அதில் பூட்டித் தொங்கவிட்டால் பருந்து தின்னுமாம். பிள்ளைகள் அதன் முன்னால்தான் அதிகநேரம் நிற்பார்கள். அந்தக் கூட்டின் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு: திருவிதாங்கூர் வழக்கப்படி பிராமணனுக்கு மரண தண்டனை கிடையாது.

பிராமணனுக்கு விசாரணையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்கான கோர்ட்டு சுசீந்திரத்தில் இருந்தது. ஒழுக்கக்கேடு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி தாணுமாலையன் கோயிலுக்கு வந்து, கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் சுத்தம். 'கை முக்கு' என்று பெயர். சுவாதித் திருநாள் காலத்தில்தான் (1829–1846) இது நின்றது. குரூரமான முறை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோயில் தெருவில் காலெடுத்து வைக்கும் உரிமைக்கே 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. அதுவரை நெய்யில் கை வைக்கிற தூரத்துக்குக்கூட நாம் போயிருக்க முடியாது. குற்றம் சாட்டப்படவும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

நமக்கான கோர்ட்டு எது என்றால், ஓலை. அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் ஓலைகளில் நிலம் விற்ற ஓலை, கடன் ஓலை இவற்றோடு அடிமை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. அந்த ஓலைகளை நாஞ்சில் நாட்டு அரசியல் வரலாற்றுக்கு ஆதாரமாக எடுக்கிறார்கள். சரிதான். நிலத்தோடு ஆளும் கைமாறுகிற அந்த வரிகளை நம் வரலாற்றின் முதல் பத்திரமாக நாம் எடுத்துப் படிக்க வேண்டும். பெயர் இருக்கும், விலை இருக்கும். அவன் என்ன சொன்னான் என்பது மட்டும் இருக்காது, ஏனென்றால் அவனை யாரும் கேட்கவில்லை.

மிஷனரிமார் சரித்திரத்துக்கு வந்தால் இன்னொரு கட்டடம். 1818இல் லண்டன் மிஷனின் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் சிவில் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். பாதிரியாரே ஜட்ஜ். ஒரு வருஷம் அளவுக்குத்தான் இருந்தார், மிஷன் மேலிடம் இதை ரசிக்கவில்லை, விலகிவிட்டார். ஆனால் அந்தக் குறுகிய காலத்திலும் அதை ஒட்டியும் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். 'ஆத்தும ரட்சிப்பு' என்று சபைச் சரித்திரம் எழுதுகிறது. எனக்கு அதில் ஆத்துமாவைவிட கோர்ட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. ஊழியம் என்ற பேரில் கூலியில்லா வேலைக்கு இழுத்துப்போகப்பட்ட ஒருவன், தன்னை அடிக்கிறவனைக் கேள்வி கேட்கும் நாற்காலியில் முதல்முறையாக ஒரு வேறு முகத்தைப் பார்த்தான். அந்த நாற்காலி இருக்கும் பக்கமாக அவன் நகர்ந்தான். இதை அரிசிக் கிறிஸ்தவம் என்று இளக்காரம் பண்ணுகிறவர்கள் நீதிக்கான பசி என்ற ஒன்றை அறியாதவர்கள்.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் முதல் ஆள் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம், நம்ம சாம்பவர். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தௌபே 1806இல் வந்தார். மயிலாடியில் 1809இல் கோயில் எழும்பியது. அதற்குப் பிறகு வந்த மீட், 1850களின் தொடக்கத்தில் பறையர் குடும்பத்தில் பிறந்த லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். அவருக்கும் மிஷனுக்கும் உறவு முறிந்தது. முப்பத்துச் சொச்சம் வருஷம் ஊழியம் செய்தவர். ஜட்ஜாக இருந்து மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவருக்கு வெள்ளைக்காரச் சகோதரர்கள் சொன்ன தீர்ப்பு இது. மிஷன் பங்களாவுக்குள்ளும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

அடுத்து 1823. தோள்சீலைக் கலவரத்தில் 1822இல் கல்குளம் பக்கம் கிறிஸ்தவப் பெண்களின் மேலாடையைக் கிழித்து எறிந்தார்கள். பத்மநாபபுரம் கோர்ட்டு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தக் கட்டடத்தின் சரித்திரத்தில் பெருமையோடு சொல்லவேண்டிய நாள் அது. ஆனால் பெருமையைப் பாதியிலே நிறுத்திக்கொள்ள வேண்டும். 1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணியின் விளம்பரம் வந்து, மேல்சாதிப் பெண்கள் மாதிரி மேல்சீலை போடக்கூடாது என்று அந்தத் தீர்ப்பின்மேல் மண்ணள்ளிப் போட்டது. பிறகு 1859 ஜூலை 26இல் வந்த விளம்பரம்கூட, போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது என்றுதான் சொன்னது. உடுத்தலாம், சமமாக உடுத்தக்கூடாது. திருவிதாங்கூர் தாராளத்தின் மொத்த இலக்கணமும் இந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. நாடார் மக்கள் தங்கள் சரித்திரத்தில் இதைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள், எழுத உரிமை உண்டு. அதே காலத்தில் புலையப் பெண்ணின் கழுத்தில் கல்மாலை கிடந்தது. அதைக் கழற்றி எறிய 1915 ஆனது, கொல்லத்துக்குப் பக்கம் பெரிநாட்டில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோர்ட்டுக்கு வெளியே நின்றவர்கள் என்று தலைப்பில் எழுதினேன். இது உவமை இல்லை. அளந்த தூரம். நாயர் நம்பூதிரியை நெருங்கலாம், தொடக்கூடாது. ஈழவன் 36 எட்டு தள்ளி நிற்க வேண்டும். புலையன் 96 எட்டு. சாமுவேல் மட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871இலும் 1883இலும் வெளியிட்ட இரண்டு புத்தகங்களிலும் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கச்சேரிகள் கோயிலுக்குப் பக்கத்திலும் பிராமணத் தெருவை ஒட்டியும் இருந்ததால் தாழ்ந்த சாதியார் அங்கே போகவே முடியாது என்றும், அவர்கள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் தூரத்தில் நிற்க வைத்து, இடையில் ஆள் வைத்துக் கேட்டு வாங்கினார்கள் என்றும் சொல்கிறார். பத்மநாபபுரம் கோட்டைக்குள் நீலகண்டசுவாமி கோயில், இராமசுவாமி கோயில் இரண்டும் இருக்கின்றன. இப்போது கட்டடத்தின் வரைபடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். தூண், முகப்பு, கூண்டு, மேசை. அதற்குப் பிறகு ஒரு வெற்றிடம், அதற்கப்பால் ஒரு மனுசன் கத்திக்கொண்டு நிற்கிறான். நடுவில் ஒரு நாயர் சேவகன் அந்தக் கத்தலைத் தன் வார்த்தையில் மாற்றி உள்ளே கொண்டுபோகிறான். உள்ளே எழுதப்படுவது யாருடைய சாட்சியம்?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அவன் என்ன சொல்லிக் கத்தினான்? 'நான் பார்த்தேன்' என்று கத்தியிருக்க முடியாது. புலையனும் பறையனும் மேல்சாதிக்காரன் முன்னால் 'நான்' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' என்க வேண்டும். தன் பிள்ளையைக் குரங்கு, கன்று என்க வேண்டும். மட்டீர் இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். சாட்சியம் என்பது இலக்கணப்படி தன்மை ஒருமை. நான் அங்கே இருந்தேன், நான் கண்டேன், என் கண்ணால் கண்டேன். தன்மை ஒருமையே மறுக்கப்பட்ட ஒருவனைச் சாட்சிக்கூண்டுக்குக் கூப்பிடுவதில் என்ன அர்த்தம்? நம் ஆட்கள் எழுதும் தன்வரலாறுகளைப் பார்த்து 'எல்லாம் நான், நான் என்றே இருக்கிறது, கலை இல்லை' என்று மூக்கைச் சுளிக்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த 'நான்' ஒரு நடை உத்தி இல்லை. நூற்றாண்டுகளாக வாயில் வைத்து அடைக்கப்பட்ட சொல்லை எடுத்துத் துப்புவது.

1855 ஜூன் 24இல் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1843ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பின்பற்றிய பிரகடனம் அது. அதன் வாசகத்தை மனிதாபிமானச் சாசனமாகப் பாடநூலில் போடுகிறார்கள். அதைக் கோர்ட்டு விவகாரமாகப் படித்தால்தான் அதன் முகம் தெரியும். ஒருவன் இன்னொருவனைத் தன் அடிமை என்று உரிமை கொண்டாடினால் அந்த உரிமையை எந்த சிவில் கோர்ட்டும் கிரிமினல் கோர்ட்டும் இனி நிறைவேற்றித் தராது. கோர்ட்டு டிக்கிரிக்காகவோ வரி பாக்கிக்காகவோ ஆளை ஏலம் போடக்கூடாது. அப்படியென்றால் அதுவரை போட்டார்கள் என்றுதானே பொருள்? நாம் கோர்ட்டுக்குள் நுழைய முடியாதிருந்த காலத்திலேயே நம் உடம்பு கோர்ட்டு நடவடிக்கைக்குள் போய்வந்துகொண்டுதான் இருந்தது, ஜப்திச் சாமானாக.

இனி நாகர்கோவில் கோர்ட்டைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை. மார்ஷல் நேசமணி 1921இல் நாகர்கோவிலில் வக்கீலாகச் சேர்ந்தார். அங்கே மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. அவர் முக்காலியை எட்டி உதைத்துத் தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்தார், பானை வித்தியாசத்தையும் ஒழித்தார் என்பது கதை. 1943இல் அதே வக்கீல் சங்கத்துக்குத் தலைவரானார். பின்னால் குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கி, 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, 1956இல் மாவட்டம் கிடைத்தது. இதெல்லாம் எங்கள் ஊரில் மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்தது.

அந்த உதை எனக்குப் பிடிக்கும். உள்ளே இருந்துகொண்டு ஒரு மரச்சாமானை உதைத்ததில் ஒரு சமூகத்துக்கே முதுகு நிமிர்ந்தது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கதையைச் சொல்கிறவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். முக்காலி போய் நாற்காலி வந்ததும் சாதி ஒழிந்த மாதிரி கைதட்டல் விழுகிறது. முக்காலியில் உட்காரவே ஆளில்லாத சாதிகள் அந்தக் கட்டடத்தின் எந்த மூலையில் இருந்தன? அந்தப் பானைகளில் தண்ணீர் மொள்ள யார் கை போகக்கூடாதோ, அவர்களில் ஒருவன்தானே பின்பக்கத்துக் கக்கூசைக் கழுவியிருப்பான்? ஒரு சமூகம் தன் அவமானத்தை நினைவில் வைப்பது நல்லது. தனக்குக் கீழே ஒருவனும் இல்லாதது மாதிரி நினைவில் வைத்தால், அந்த நினைவே இன்னொரு மேல்சாதியாக வளரும். குமரி மாவட்டத்தில் அது வளர்ந்துதான் இருக்கிறது, சேரிக்குப் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது தூரம் இல்லையே, 96 எட்டு எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாணவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்து, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் பதிவான வழக்குகளுக்குச் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு நான் பல கோர்ட்டுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு கோர்ட்டில் எங்கள் பக்கத்து அம்மை ஒருத்தி கூண்டில் ஏறினாள். எழுபது வயசிருக்கும். அவள் சொன்னது இப்படி இருந்தது: "நான் வெறவு பெறக்கிட்டு வந்தேன் மக்கா, வரும்ப அவனுவ நாலுபேரு வரம்புல நிக்கியானுவ. ஒருத்தன் எங்க ஊட்டுப் பயல சாதி சொல்லி விளிச்சான். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு. கெட்டெ கீழ போட்டுட்டு ஓடுனேன்." தட்டச்சில் ஏறியது இப்படி: "நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். கூலி வேலை செய்து வருகிறேன். எதிரிகளை எனக்குத் தெரியும். சம்பவத்தன்று எதிரிகள் சாதியைச் சொல்லித் திட்டினார்கள்." விறகுக் கட்டு எங்கே போனது? நெஞ்சு படபடப்பு எங்கே? வரம்பு எங்கே? யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அதுதான் வழமை, எல்லாச் சாட்சிக்கும் இதே வாக்கியம்தான். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், என்ன சொல்லித் திட்டினார்கள், எந்தச் சொல், எத்தனை தடவை, நீ எத்தனை அடி தூரத்தில் நின்றாய் என்று கேட்டார். அந்த அம்மை வாயால் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அவள் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். 'சாட்சி பதில் சொல்லவில்லை' என்று ஏறியது.

நாயர் சேவகன் இல்லை, தூரம் இல்லை, கூண்டு வாதிக்கும் எதிரிக்கும் பொதுவானதுதான். ஆனால் அவள் பேச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் நிற்கிறான். அந்த ஆளுக்கு இப்போது நடை என்று பெயர். கோர்ட்டுத் தமிழ் என்ற நடை. இலக்கிய விமர்சனம் பண்ணுகிறவர்கள் நாவலில் வட்டார வழக்கு சரியாக வந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தீர்ப்பு நகல்களையும் சாட்சி வாக்குமூலங்களையும் எடுத்துப் படித்து அதன் மொழியை விமர்சித்து எழுத ஒருத்தரும் வரவில்லை. தலித் இலக்கிய விமர்சனத்துக்கு அதுவும் வேலைதான் என்று நான் நினைக்கிறேன். வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிந்தார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம், காரும் நிலமும் உள்ள பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற கருத்தில் விடுதலை செய்தது. அது சட்டப் பிரச்சினை மட்டுமில்லை, ஒரு வாசிப்புப் பிரச்சினை. மிராசுதார் என்ற பாத்திரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று நீதிபதிக்கு ஏற்கெனவே ஒரு கதை சொல்லித் தரப்பட்டிருந்தது. அந்தக் கதைக்கு ஒத்துவராத சாட்சியம் பொய்யாகிவிட்டது.

நம் ஆட்கள் கோர்ட்டு வாசலில் காத்துக்கொண்டே இருந்தார்கள் என்று மட்டும் இந்தக் கட்டுரையைப் படித்துவிடக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் கொஞ்சம் கடற்கரைப் பக்கமாக விலகினால் வெங்ஙானூர். அய்யன்காளியின் ஊர். 1893இல் வில்வண்டியில் ஏறி பொதுச்சாலையில் ஓட்டியவர், 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கியவர், பின்னால் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராகப் போனவர். சர்க்கார் கோடதி நமக்குத் திறக்காது, திறந்தாலும் நம் வாய் அங்கே எடுபடாது என்று கண்டுகொண்ட அவர், சங்கத்தின் பேரில் ஒரு சமுதாயக் கோடதியையே வைத்தார். வெங்ஙானூரில் தலைமைக் கோடதி, கிளைகளில் கீழ்க் கோடதி. வாதி வந்து நிற்பான், பிரதிவாதிக்கு ஆள் போகும், விசாரணை நடக்கும், தீர்ப்பு சொல்லப்படும். சங்கத்தின் தீர்ப்பு என்றால் மறுபேச்சில்லை. இதைப் போலி கோர்ட்டு, பார்த்துச் செய்தது என்று யாராவது சொல்லக்கூடும். பார்த்துச் செய்ததுதான். தூரத்திலிருந்தே பார்த்தவர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வந்து நின்றவன் தன் வழக்கை எந்தச் சொல்லில் தொடங்கினான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. 'அடியன்' என்று நிச்சயம் தொடங்கியிருக்க மாட்டான். கவிமணி பாட்டிலே அனந்தரவன் கோடேறிய அதே காலகட்டம்தான் இதுவும். இரண்டு கோடதிகளுக்கும் ஒரு பகல் நடை தூரம். நாஞ்சில் நாட்டு இலக்கியத்தில் ஒன்று படலமாகி, பாடமாகி, பரீட்சைக் கேள்வியாகிவிட்டது. மற்றதைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

பெரிநாட்டுக் கதையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். 1915இல் அங்கே கூட்டம் போட்டுப் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிந்தார்கள். ஆதிக்கச் சாதியார் தாக்கினார்கள், குடிசைகள் எரிந்தன, புலையர்களும் திருப்பி அடித்தார்கள். வழக்கு புலையர் மேலேயும் வந்தது. கொல்லம் கோர்ட்டில் அவர்களுக்காக வாதாட இலஞ்சிக்கல் ஜான் ஜோசப் என்ற வக்கீல் வந்தார். பீஸ் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை. மண்வெட்டி இருந்தது, கை இருந்தது. வக்கீல் பீசுக்குப் பதிலாகக் கூட்டமாக வந்து ஒரு குளம் வெட்டிக் கொடுத்தார்கள் என்று கொல்லத்தில் சொல்கிறார்கள். அந்தக் குளத்தின் பெயர் கம்மான்குளம்.